ஏழு பேர், இருபத்தோரு ஜோடிகள்

ஜெயிக்கிற ஒரு கபடி அணியின் பிடி ஆட்டத்தை மற்ற அணிகளால் ஏன் அப்படியே எடுத்துக்கொள்ள முடிவதில்லை? யோசிக்க யோசிக்கப் புதிராகும் கேள்வி இது. கபடியில் ஒளித்துவைக்க எதுவும் இல்லை. ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். யார் எங்கே நிற்கிறார், யாரோடு யார் கை கோத்திருக்கிறார், முதலில் பாய்வது யார், எல்லாம் வெட்டவெளிச்சம். தொலைக்காட்சி அதையே பல கோணங்களில் மெதுவாக ஓட்டியும் காட்டுகிறது. போதாததற்கு, புரோ கபடி லீக்கின் எட்டாவது சீசன் கொரோனா காரணமாக, 2021 டிசம்பர் 22 முதல் 2022 பிப்ரவரி 25 வரை, முழுக்க முழுக்கப் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரே ஓட்டலில் நடந்தது. பன்னிரண்டு அணிகளும் ஒரே கூரையின் கீழ், ஒரே மேட்டின் மேல், ஒருவர் ஆட்டத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இரண்டு மாதம் இருந்தன. பார்த்தே கற்றுவிடலாம் என்றால் கடைசி வாரத்துக்குள் எல்லா அணிகளின் பிடியும் ஒரே தரத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இன்னொரு தகவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014 முதல் 2025 வரை பன்னிரண்டு சீசன்கள் முடிந்திருக்கின்றன. பட்னா பைரேட்ஸ் 3, 4, 5 என்று மூன்று சீசன்களைத் தொடர்ந்து வென்றது. வேறு எந்த அணியும் வாங்கிய கோப்பையை அடுத்த சீசனில் தக்கவைத்துக்கொள்ளவில்லை. 2019 ஜனவரி 5 அன்று மும்பையில் குஜராத்தை 38-33 என்று வென்ற பெங்களூரு புல்ஸுக்கும் அது முடியவில்லை. அடுத்த அணியைப் பார்த்துச் செய்வது இருக்கட்டும், போன வருஷம் தான் ஆடியதையே ஒரு அணியால் திரும்பச் செய்ய முடிவதில்லை. இதற்கு அதிர்ஷ்டம், காயம், ஏலம் என்று பல காரணங்கள் சொல்லலாம். அவற்றுக்கெல்லாம் அடியில் அறிவியல் சொல்லும் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரே ஒரு பிடியை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஏழு பேர் நிற்கிறார்கள். இரண்டு ஓரத்திலும் கார்னர். அவர்களுக்கு அடுத்து ‘இன்’ இடத்தில் ஆளுக்கொருவர். நடுவில் இரண்டு கவர், ஒரு சென்டர். ஓரத்து இருவர் கை கோத்து ஒரு செயின், நடு மூவர் ஒரு செயின், மறு ஓரத்து இருவர் ஒரு செயின். 2-3-2 என்று இதைச் சொல்வார்கள். எதிரணியின் ரைடர் பாடிக்கொண்டு வருகிறார். அவர் கையில் 30 நொடி. போனஸ் கோட்டின் மேல் ஆசை வைத்து லெஃப்ட் கார்னர் பக்கம் ஆழமாக இறங்குகிறார். போனஸ் கிடைக்க ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்ற வேண்டும், இன்னொரு கால் அந்த நேரத்தில் அந்தரத்தில் இருக்க வேண்டும். உடலின் மொத்தப் பாரமும் ஒற்றைக் காலில் நிற்கும் அந்தக் கணத்தில்தான் கார்னர் குனிந்து கணுக்காலைப் பிடிக்கிறார்.

இதுவரை தனி மனிதர் வேலை. இனிமேல்தான் விஷயம். போனஸ் கோட்டிலிருந்து நடுக்கோடு 4.75 மீட்டர். பாய்ந்து விழும் ரைடரின் உடலும் நீட்டிய கையும் இரண்டு மீட்டருக்குக் குறையாது. ஆக, அவர் கடக்க வேண்டியது மூன்று மீட்டர்கூட இல்லை. காலைப் பிடித்த ஒருவரை இழுத்துக்கொண்டே அவ்வளவு தூரம் போய்விடக்கூடிய ரைடர்கள் இருக்கிறார்கள். ஆகவே கவர் வந்தாக வேண்டும். பின்னாலிருந்து மோதினால் ரைடரை நடுக்கோட்டுப் பக்கம் தள்ளி, அவருக்கே உதவி செய்ததாக ஆகிவிடும். பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் மோதி லாபிக்கு வெளியே தள்ள வேண்டும், அல்லது முன்னால் வந்து வழியை அடைக்க வேண்டும். கால் பிடிபடுவதற்கு முன் வந்தால் ரைடரின் கைக்கு எட்டும் தூரத்தில் மாட்டிக்கொள்வார். தாமதித்தால் வந்ததே வீண். விதியிலும் ஒரு கொடுமை உண்டு: ரைடர் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் அவர் மேல் கை வைத்த அத்தனை பேரும் அவுட். உதவிக்கு ஓடுகிற ஒவ்வொருவரும் முன்னால் போனவரின் பிடி நிற்கும் என்று நம்பித் தன்னைப் பணயம் வைக்கிறார்.

கண்ணால் ஒன்றைப் பார்த்து உடல் அசையத் தொடங்க ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்கவும் வேண்டுமென்றால் இன்னும் அதிகம். தெரிவுகள் கூடக்கூட நேரமும் கூடுகிறது என்பதைப் பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் ஹிக் 1952இலேயே அளந்து காட்டினார். கணுக்காலில் கை பட்டதைப் பார்த்த பிறகுதான் கிளம்புவேன் என்று ஒரு கவர் நின்றால் அவர் கால் நொடி பின்தங்குவார். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் திரும்பும் ரைடர் அதற்குள் ஒரு மீட்டர் போயிருப்பார். நல்ல கவர் கை படுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார். நடக்கப் போவதை அது நடக்கும் முன் உடல் அறிந்துகொள்ளும் இந்தத் திறனை முன்னுணர்வு என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் வேலை செய்யாத பெங்களூரு சந்திப்பு ஒன்றில் ஆட்டோக்காரர் இதைத்தான் செய்கிறார்: எதிரே வரும் பைக்கின் முன்சக்கரம் லேசாகத் திரும்புவதிலிருந்தே அது எங்கே போகும் என்று தெரிந்து தன் வண்டியை விடுகிறார். ஊருக்குப் புதிதாக வந்த ஓட்டுநர், விதியெல்லாம் தெரிந்தவராக இருந்தும், நடுவில் நின்றுபோகிறார்.

இது வெறும் ஊகம் இல்லை. மறைப்புச் சோதனை என்று ஒரு முறை உண்டு. பேட்மிண்டன் ஆட்டத்தின் படத்தை ஓட்டி, மட்டையில் இறகுப்பந்து படுவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடுவார்கள்; பந்து எங்கே விழும் என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். படத்தைச் சீக்கிரமே வெட்டினாலும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் புதியவர்களைவிடச் சரியாகச் சொல்கிறார்கள் என்று ஆஸ்திரேலியாவின் புரூஸ் அபர்னெதி 1980களில் காட்டினார். உடலின் எந்தப் பகுதியை மறைத்தால் அந்தத் திறமை போகிறது என்று பார்த்து, அவர்கள் எதைக் கவனிக்கிறார்கள் என்பதையும் கண்டுபிடித்தார். மட்டையை மட்டும் பார்த்தால் போதாது, அதைப் பிடித்த கையின் அசைவிலேயே அவர்களுக்குச் செய்தி கிடைத்துவிடுகிறது. 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செய்த சதுரங்கச் சோதனை இன்னும் புகழ்பெற்றது. உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலையை ஐந்து நொடி காட்டினால் தேர்ந்தவர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார், புதியவர் நாலைந்தோடு நின்றுவிடுகிறார். காய்களைக் கண்டபடி இறைத்துவைத்துக் காட்டினாலோ, தேர்ந்தவரின் அனுகூலம் ஏறக்குறைய காணாமல் போகிறது. அவருக்கு இருப்பது பொதுவான நினைவாற்றல் இல்லை. பழகிய அமைப்புகளில்தான் அவருடைய திறமை குடியிருக்கிறது.

கபடி கவருக்குப் பழகிய அமைப்பு எது? ரைடரின் அசைவு பாதி. மீதி, பக்கத்தில் நிற்கும் கூட்டாளியின் உடல். அவர் பாயப்போகும் முன் தோள் எப்படித் தாழும், எந்தக் குதிகால் தூக்கும், எந்த ரைடரிடம் அவசரப்படுவார், எவரிடம் கடைசி நொடிவரை காத்திருப்பார் என்பதெல்லாம் கவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். செயினில் கை கோத்திருப்பதும் பலத்துக்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். கையில் விழும் சிறு இழுப்பும் ஒரு செய்திதான். தொடுகைக்கு உடல் காட்டும் எதிர்வினை, பார்வைக்குக் காட்டுவதைவிடச் சற்று விரைவானது. தொலைக்காட்சி எத்தனை கோணத்தில் காட்டினாலும் அந்த இழுப்பு படத்தில் விழாது. எதிரணிப் பயிற்சியாளர் கோத்த கைகளைப் பார்க்கலாம், கைக்குள் ஓடும் பேச்சு அவருக்குக் கேட்காது.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஏழு பேரிடையே 21 ஜோடிகள் உண்டு. ஒரு பிடியில் நாலு பேர் இறங்குகிறார்கள் என்றால் ஆறு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியின் நேரக்கணிப்பும் 100க்கு 98 தடவை சரியாக இருந்தால், ஆறும் ஒருசேரச் சரியாக அமைவது 100க்கு ஏறக்குறைய 89 தடவை. இதைப் பார்த்துச் செய்கிற அணி ஒவ்வொரு ஜோடியையும் 100க்கு 90 என்ற அளவில் கற்றுக்கொண்டது என்று வையுங்கள். எந்தப் பள்ளியிலும் 90 நல்ல மதிப்பெண். ஆனால் ஆறும் ஒருசேர அமைவது 53 தடவைதான். ஒரு ஜோடியின் பிசகு இன்னொன்றைப் பாதிக்காது என்று எளிமைப்படுத்திப் போட்ட கணக்கு இது. மேட்டில் நடப்பது இவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஆனாலும் சிறிய குறைகள் கூட்டலாக இல்லாமல் பெருக்கலாகச் சேர்கின்றன என்பது உண்மை.

அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. பாதி நகல் பழைய நிலையைவிடக் கீழே இறக்கிவிடலாம். கார்னரும் கவரும் இருவருமே நிதானமாகக் காத்திருக்கும் அணி ஓரளவு தப்பித்துக்கொள்ளும். கவர் மட்டும் வேறொரு அணியைப் பார்த்து முந்தக் கற்றுக்கொண்டு, கார்னர் பழையபடியே காத்திருந்தால் கவர் தனியாக மாட்டுவார். ஒரு முடிவின் பலன் மற்ற முடிவுகளைப் பொறுத்திருக்கும் இந்தப் பிணைப்பைத்தான் ஹார்வர்டின் ஜான் ரிவ்கின் 2000இல் கணினி மாதிரிகள் வைத்து ஆராய்ந்தார். உயிரியலில் ஸ்டூவர்ட் காஃப்மன் மரபணுக்களின் பிணைப்பை விளக்க உருவாக்கிய மாதிரியிலிருந்து பிறந்த ஆய்வு மரபு அது. முடிவுகள் ஒன்றோடொன்று பிணைந்திருந்தால், எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க முடிந்தாலும், படிப்படியாகத் திருத்தித் திருத்தி மிகச் சிறந்த நிலை என்ற உச்சிக்குப் போக முடிவதில்லை என்று அவர் கண்டார். நடுவழியில் எங்கே நின்றாலும் அது பள்ளமாக இருந்துவிடுகிறது.

மாதிரிகள் சொல்வதை மனிதர்கள் மேல் சோதிக்க முடியுமா? ஒரு அணியைப் பிரித்துப் போட்டுப் பரிசோதனை செய்ய யாரும் விட மாட்டார்கள். ஆனால் வீரர்களை விற்கும் சந்தை, தானாகவே அந்தப் பரிசோதனையைச் செய்துவிடுகிறது. அமெரிக்கக் கால்பந்திலிருந்து ஒன்று. அங்கே பந்தைச் சுமந்து ஓடுகிறவருக்கு முன்னால் ஐந்து தடுப்பாளர்கள் வழி திறக்க வேண்டும். 1990களின் நடுவில் டென்வர் பிராங்கோஸ் அணியின் தடுப்பு வரிசைப் பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ், ஆளுக்கொரு எதிரியைக் குறிப்பதற்குப் பதில், ஐவரும் ஒரே திசையில் ஒரே நேரத்தில் அடியெடுத்துவைத்து ஆளுக்கொரு பரப்பைக் காக்கும்படி பழக்கினார். 1998இல் டெரல் டேவிஸ் அந்த அணிக்காக 2,008 கஜம் ஓடினார். அவர் காயம்பட்டதும் வந்த ஒலாண்டிஸ் கேரி 1999இல் ஆயிரத்தைத் தாண்டினார், 2000இல் மைக் ஆண்டர்சனும் தாண்டினார், பிறகு கிளின்டன் போர்ட்டிஸும் தாண்டினார். ஓடுகிறவர் மாறிக்கொண்டே இருக்க, ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. 2004இல் போர்ட்டிஸை வாஷிங்டன் வாங்கியது. டென்வரில் ஓட்டத்துக்குச் சராசரி 5.5 கஜம் எடுத்தவர் அங்கே முதல் வருடம் 3.8தான் எடுத்தார். வாஷிங்டன் வாங்கியது அவருடைய கால்களை. வழி திறந்த தடுப்பு வரிசை அவரோடு வரவில்லை.

விளையாட்டை விடுங்கள், ஆபரேஷன் தியேட்டரிலும் இதேதான். ராபர்ட் ஹக்மன், கேரி பிசானோ இருவரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பல மருத்துவமனைகளில் அறுவை செய்யும் இதய சிகிச்சை நிபுணர்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். ஒரு மருத்துவமனையில் ஒருவர் அதிகமாக அறுவை செய்யச் செய்ய அங்கே அவரிடம் வரும் நோயாளிகளின் நிலை மேம்படுகிறது. ஆனால் அதே மருத்துவர் வேறு மருத்துவமனையில் செய்த அறுவைகளின் எண்ணிக்கை இங்கே உதவுவதில்லை. கத்தி பிடிக்கும் கை ஒன்றுதான்; மயக்க மருந்து தருபவரும் கருவி எடுத்துத் தரும் செவிலியரும் வேறு.

நம் ஊருக்கு வருவோம். தமிழ் தலைவாஸ் 2019இல் ஏழாவது சீசனுக்கு அஜய் தாக்கூர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர் என்று பெயர் பெற்றவர்களைத் திரட்டியது. கடைசி இடம். எட்டாவது சீசனில் சாகர், சாஹில் குலியா, அபிஷேக், வேறொரு மோஹித் என்று இளம் தடுப்பாட்டக்காரர்களை இறக்கியது; அப்போதும் பிளே-ஆஃபைத் தொட முடியவில்லை. அதே இளைஞர்களை விட்டுவிடாமல் வைத்துக்கொண்ட ஒன்பதாவது சீசனில்தான் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது, அங்கே புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. நட்சத்திரங்களுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை, ஒரு ஜோடியைக் கலைக்காமல் வைத்திருக்கச் செலவிட்டால் நம் அணிகள் எவ்வளவோ முன்னேறும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு எதிராகக் காட்டத் தக்க பெயர் ஒன்று உண்டு: ஈரானின் முகமதுரேசா ஷாட்லூயி. பத்தாவது சீசனில் புனேவுக்கு ஆடிக் கோப்பை, பதினொன்றாவதில் ஹரியாணா ஸ்டீலர்ஸுக்கு மாறி அங்கேயும் கோப்பை. தனி மனிதரோடு வெற்றியும் கூடவே போனதுபோலத் தெரிகிறது. ஆனால் ஹரியாணா அதற்கு முந்தைய சீசனிலேயே இறுதிவரை வந்த அணி. ஜெய்தீப் தாஹியா, ராகுல் சேத்பால் என்று அதன் தடுப்பு வரிசை ஏற்கெனவே பழகியிருந்தது. பழகிய செயினில் ஒரு காலி இடத்தை நிரப்புவதும், ஏழு பேரைப் புதிதாக நிறுத்துவதும் வேறு வேறு வேலை. அனுபவசாலிகள் இதை எப்போதோ உணர்ந்திருக்கிறார்கள். சுரேந்தர் நாடாவும் மோஹித் சில்லரும் யு மும்பாவின் இரண்டு கார்னர்களாகப் பெயர் வாங்கியவர்கள். 2016இல் இருவரும் பெங்களூரு புல்ஸுக்கு வந்தார்கள், அடுத்த வருடம் ஹரியாணாவுக்குப் போனபோதும் இருவருமாகவே போனார்கள்.

அப்படியானால் ஒரு ஆட்டமுறை ஊர்விட்டு ஊர் போகவே போகாதா? போகிறது, ஆனால் ஆட்களோடு. இதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த சான்று விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்திலிருந்து வருகிறது. கனடாவில் உருவான ஒருவகை வாயு லேசரை 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஆய்வகங்கள் கட்டிப் பார்த்தன. சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ் அந்த ஆய்வகங்களுக்கு நேரில் போய், யாருக்கு வேலை செய்தது, யாருக்குச் செய்யவில்லை என்று விசாரித்தார். அச்சிட்ட கட்டுரைகளை மட்டும் வைத்துக்கொண்டு முயன்ற ஒருவருக்கும் லேசர் எரியவில்லை. ஏற்கெனவே கட்டி முடித்தவரோடு பழகியவர்களுக்கே எரிந்தது, அவர்களிலும் எல்லோருக்கும் இல்லை. ஒரு மின்கம்பி குட்டையாக இருந்தாக வேண்டும் என்பது போன்ற விஷயங்கள் கட்டுரையில் இல்லை. யாரும் மறைத்ததால் அல்ல. அது முக்கியம் என்று கட்டியவருக்கே தெரியாது, அவர் கை தன்னால் அப்படி வைத்திருந்தது. சொல்லில் இறங்காமல் பழக்கத்தில் மட்டும் தங்கும் இதை உள்ளுறை அறிவு எனலாம்.

விளையாட்டிலும் அப்படித்தான். டென்வர் தடுப்பாளர்களைப் பழக்கிய அலெக்ஸ் கிப்ஸ் 2004இல் அட்லாண்டா ஃபால்கன்ஸுக்கு மாறினார். ஓடி எடுத்த கஜத்தில் அந்த அணி 2004, 2005, 2006 மூன்று வருடமும் லீக்கில் முதலிடம். கபடியிலும் ஆட்கள் வழியாகவே அறிவு நகர்ந்தது. 1990 பெய்ஜிங் முதல் ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடித் தங்கத்தை விடாமல் வைத்திருந்த இந்தியாவை, 2018இல் ஜகார்த்தா அரையிறுதியில் ஈரான் 27-18 என்று வீழ்த்தியது. ஃபாசல் அத்ராச்சலி போன்ற அதன் தடுப்பாட்டக்காரர்கள் பல சீசன்கள் நம் லீக் அணிகளுக்குள் நம்மவர்களோடு கை கோத்து ஆடியவர்கள். அதே போட்டியில் இந்தியப் பெண்களை இறுதியில் 27-24 என்று வென்ற ஈரான் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளர், மகாராஷ்டிரத்தின் சைலஜா ஜெயின். படம் பார்த்துக் கற்ற ஆட்டம் இல்லை இவை இரண்டும்.

பெங்களூருக்கு அண்மையில் கிடைத்த சான்று பி.சி. ரமேஷ். கர்நாடகத்துக்காரர், அர்ஜுனா விருது பெற்ற முன்னாள் வீரர். ஏழாவது சீசனில் பெங்கால் வாரியர்ஸுக்கும் பத்தாவதில் புனேவுக்கும் கோப்பை வாங்கித் தந்தவர். புனேயில் அவர் கையில் இருந்தது வருடக்கணக்கில் சேர்ந்து வளர்ந்த இளைஞர் கூட்டம். தமிழகத்தின் அபினேஷ் நடராஜனும் அதில் உண்டு. 2025இல், முந்தைய சீசனில் கடைசி இடத்தில் முடித்திருந்த பெங்களூரு புல்ஸுக்கு அவர் பயிற்சியாளராக வந்தார். ஆசான் வந்துவிட்டார், ஆனாலும் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. அதற்குப் பிறகு எழுந்து பிளே-ஆஃப்வரை வந்தது அணி. அந்த மூன்று தோல்விகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கற்றுத்தருபவர் கூடவே இருந்தாலும் ஏழு உடல்களுக்குள் அது இறங்க நாள் பிடிக்கிறது. ஆட்டத்தில் வாங்கும் அடியும் அந்தப் படிப்பில் ஒரு பகுதி.

இதை யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம். ஆட்டப் படம் நொடிக்கு 25 சட்டகங்களாவது கொண்டது. ஒரு சட்டகம் 0.04 நொடி. கார்னரின் கை கணுக்காலைத் தொடும் சட்டகத்தையும், கவரின் உடல் ரைடர் மேல் படும் சட்டகத்தையும் குறித்துக்கொண்டே போனால் ஒவ்வொரு பிடிக்கும் ஓர் இடைவெளி கிடைக்கும். நான் சொல்வது சரியென்றால், புதிய ஜோடிகளின் இடைவெளி ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி என்று சிதறிக் கிடக்க வேண்டும். சேர்ந்து ஆட ஆட அந்தச் சிதறல் குறுக வேண்டும், ஏலத்தில் ஜோடி பிரிந்த அடுத்த சீசனில் அதே கவரின் எண்கள் மறுபடி சிதற வேண்டும். சிதறவில்லை என்றால் என் விளக்கம் தவறு, வேறு காரணம் தேட வேண்டும். ஒரு மடிக்கணினியும் பொறுமையும் போதும், கபடி பிடித்த ஒரு கல்லூரி மாணவர் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடக்கூடிய வேலை.